ஐ போடுவதா, மீ போடுவதா? ஆங்கில மூவிடப் பெயர்களில் நமக்கு வரும் சந்தேகங்கள்

வேலை முடிந்து மாலையில் வரும் பெரியவர்களுக்குப் பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். ஐ, மீ, மை, மைன் என்று போகும் அட்டவணையைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். அட்டவணையில் தவறு இல்லை. இதே வேலையை நாம் தமிழில் தினமும் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஐ, மீ இரண்டுக்கும் 'நான்' என்றுதானே பொருள்?

இல்லை. ஐ என்றால்தான் நான். மீ என்பது, நான் என்ற சொல் 'என்' என்று மாறி, அதோடு வேற்றுமை உருபு சேர்ந்த வடிவம். என்னை, எனக்கு, என்னோடு, என்னிடம், என்னிடமிருந்து ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இருப்பது மீ ஒன்றுதான். 'கால் மீ' என்றால் என்னைக் கூப்பிடு. 'கிவ் மீ' என்றால் எனக்குக் கொடு. 'கம் வித் மீ' என்றால் என்னோடு வா.

தமிழில் அவன் என்பதோடு 'ஐ' உருபு சேர்ந்தால் அவனை ஆகிறது. ஆனால் நான் என்பதோடு சேர்ந்தால் 'நானை' ஆவதில்லை, என்னை ஆகிறது. நீ உன் ஆகிறது, நாம் நம் ஆகிறது, நாங்கள் எங்கள் ஆகிறது. 'நானுக்குக் கொடு' என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. இதற்கு யாரும் விதி படித்ததும் இல்லை, காது விடுவதில்லை. ஆங்கிலத்தில் ஐ மீ ஆவதும், வீ அஸ் ஆவதும், ஹீ ஹிம் ஆவதும், ஷீ ஹெர் ஆவதும், தே தெம் ஆவதும் இதே வகை உருமாற்றம்தான். யூ, இட் இரண்டு மட்டும் அப்படியே இருக்கும். 'ஃபார் ஐ' என்று எழுதினால், ஆங்கிலம் தெரிந்தவர் காதில் அது 'நானுக்காக' என்று விழும். இந்த ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் போய்விடும்.

'ரவி அண்ட் ஐ' சரியா, 'ரவி அண்ட் மீ' சரியா?

இரண்டும் சரிதான், இடத்தைப் பொறுத்தது. இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று சொல்லிவிடுகிறார்கள். சின்ன வயதில் 'மீ அண்ட் டாம் வென்ட்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் 'டாம் அண்ட் ஐ என்று சொல்' என்று திருத்தியிருப்பார்கள். அதனால் இரண்டு பேர் சேர்ந்து வந்தாலே மீ தப்பு என்ற பயம் மனதில் படிந்துவிடுகிறது. நம் அலுவலகங்களிலும் இதைப் பார்க்கிறேன். 'ஐ' என்பது மரியாதையான சொல் என்றும் 'மீ' கொச்சை என்றும் ஒரு எண்ணம் ஓடுகிறது. அந்த எண்ணத்துக்கு அடிப்படையே கிடையாது.

'மேனேஜர் ரவியையும் என்னையும் கூப்பிட்டார்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தமிழ் ஒவ்வொரு பெயரிலும் தனித்தனியாக உருபைப் போடுகிறது. 'ரவியையும் நானும் கூப்பிட்டார்' என்று நாக்கு திரும்பாது. என்னை வந்துவிட்டதால் ஆங்கிலத்தில் மீ: 'த மேனேஜர் கால்டு ரவி அண்ட் மீ'. 'ரவியும் நானும் போனோம்' என்றால் நான் இருக்கிறது, அதனால் 'ரவி அண்ட் ஐ வென்ட்'. 'உனக்கும் எனக்கும் நடுவில்' என்பதில் எனக்கு இருக்கிறது, ஆகவே 'பிட்வீன் யூ அண்ட் மீ'.

இன்னொரு வழியும் உண்டு. கூட இருப்பவரை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'ஹீ இன்வைட்டட் மை ஒய்ஃப் அண்ட் ஐ' என்று எழுதியிருந்தால் மனைவியை எடுத்துவிடுங்கள். 'ஹீ இன்வைட்டட் ஐ' என்று மிஞ்சும். தப்பு உடனே தெரிந்துவிடும்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'நானும் தம்பியும் போனோம்' என்று நான் முதலில் வருவது இயல்பு, யாரும் அதைத் தற்பெருமையாக நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் அடுத்தவரை முதலில் சொல்லி 'மை பிரதர் அண்ட் ஐ' என்பது வழக்கம். அது நடத்தை சம்பந்தப்பட்டது, இலக்கண விதி இல்லை.

எனக்கு என்றால் மீ என்கிறீர்கள். அப்படியானால் 'எனக்குப் பசிக்கிறது' ஏன் 'ஐ ஆம் ஹங்ரி'?

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். மேலே சொன்ன ஒப்பீடு அதிகம் வழுக்கும் இடமும் இதுதான்.

தமிழில் பசி, விருப்பம், தெரிதல், நோய் ஆகியவற்றை மனிதன் 'செய்வதாக' நாம் சொல்வதில்லை. அவை நமக்கு வந்து நேர்கின்றன. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்குக் காய்ச்சல், எனக்கு இரண்டு தங்கைகள், எனக்கு வயது முப்பது. கூடவே என்னிடம் பணம் இருக்கிறது, என்னால் முடியும் என்பவையும் உண்டு. இன்றைய ஆங்கிலம் இந்த எல்லா இடத்திலும் அந்த மனிதரை எழுவாய் நாற்காலியில் உட்கார வைத்துவிடும். ஐ நோ, ஐ லைக், ஐ வான்ட், ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ ஹேவ் எ ஃபீவர், ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ், ஐ ஆம் தர்ட்டி, ஐ ஹேவ் மணி, ஐ கேன். ஒன்றில்கூட மீ இல்லை.

ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் பசி ஒருவருக்கு 'வரும்'. 'மீ' என்று தொடங்கிப் பசியைச் சொல்லும் வாக்கியங்கள் அதில் உண்டு. லைக் என்ற வினையும் அன்று 'அவனுக்குப் பிடித்தது' என்ற அமைப்பில்தான் இருந்தது. இடைக்காலத்தில் அது மெல்ல மெல்ல 'ஐ லைக்' பக்கம் சாய்ந்தது. பழைய நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல் அந்தக் காலத்தின் மிச்சம். 'எனக்குத் தோன்றுகிறது' என்று அதை அப்படியே தமிழில் வைக்கலாம். இன்றும் 'இட் சீம்ஸ் டு மீ' என்ற தொடரில் அந்த வாசனை இருக்கிறது. ஆகவே 'எனக்குப் பசிக்கிறது' என்று யோசிப்பதில் அறியாமை ஒன்றும் இல்லை. ஆங்கிலம் விட்டுவிட்ட ஒரு வழியில் நாம் இன்னும் நடக்கிறோம்.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் செய்த செயலை நான் வாங்கிக்கொண்டால் மீ: எனக்குக் கொடுத்தார், எனக்குச் சொன்னார். என் உடம்பிலோ மனதிலோ நேர்வது, எனக்குச் சொந்தமானது என்றால் பெரும்பாலும் ஐ.

ஒவ்வொரு வாக்கியத்திலும் ஐ, ஹீ, ஷீ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஆமாம். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று தமிழ் வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். ஆங்கிலத்தில் இந்த ஆறுக்கும் 'கேம்' ஒன்றுதான். ஆளைச் சொல்லாவிட்டால் யார் வந்தார் என்று தெரியாது. ஆளே இல்லாத இடத்திலும் அந்த நாற்காலியைக் காலியாக விட ஆங்கிலம் ஒப்புக்கொள்ளாது. அதனால்தான் மழை பெய்தால் 'இட் இஸ் ரெயினிங்', மணி ஐந்தானால் 'இட் இஸ் ஃபைவ்'. இங்கே இட் எதையும் குறிக்கவில்லை, நாற்காலியை நிரப்புகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'என் தம்பி இருக்கானே, அவன்...' என்ற பேச்சு நடையில் 'மை பிரதர் ஹீ இஸ் அன் இன்ஜினியர்' என்று சிலர் சொல்வார்கள். பிரதர் வந்தபிறகு ஹீ வேண்டாம்.

'மைசெல்ஃப் குமார்' என்று அறிமுகம் செய்துகொள்ளலாமா?

வேண்டாம். 'ஐ ஆம் குமார்' அல்லது 'மை நேம் இஸ் குமார்' போதும். செய்பவரும் அந்தச் செயலை வாங்கிக்கொள்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் மைசெல்ஃப் வரும். 'என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்' என்பது போல. 'நானே சமைத்தேன்' என்பதில் உள்ள ஏகார அழுத்தத்துக்கும் அது வரும். இந்திய அரசமைப்பின் முகப்புரை இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. 'வீ, த பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று தொடங்கி, இந்த அரசமைப்பை 'அவர்செல்வ்ஸ்' என்னும் நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்று முடிகிறது. கொடுப்பவரும் மக்கள், பெறுபவரும் மக்கள்.

'ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்' என்று அலுவலகக் கடிதங்களில் வருவதும் தவறுதான். கூப்பிடப் போவது வேறொருவர், எனவே மீ. அப்புறம் ஹிஸ்செல்ஃப், தெயர்செல்வ்ஸ் என்று எழுதாதீர்கள். ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்பவையே ஏற்ற வடிவங்கள்.

எங்கள் டீச்சரைப் பற்றிப் பேசும்போது 'தே' என்று சொன்னால் மரியாதையாக இருக்காதா?

'அவங்க வந்தாங்க' என்று பேசிப் பழகிய நாக்கு, ஒரே ஒரு டீச்சர் வந்ததற்கும் 'தே கேம்' என்று சொல்லிவிடும். கேட்பவருக்கு நாலைந்து பேர் வந்ததாகப் புரியும். தமிழில் பன்மை வடிவம் மரியாதைக்கும் உழைக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் இல்லை. அம்மாவானாலும் முதலமைச்சரானாலும் ஒரு பெண் என்றால் ஷீ, ஒரு ஆண் என்றால் ஹீ. மாணவர்களுக்கு இது கூச்சமாக இருப்பது எனக்குப் புரிகிறது. தாத்தாவை ஹீ என்று சொல்லும்போது 'அவன்' என்று சொன்னது போல மனம் சுருங்கும். ஆனால் ஹீ என்பதற்குள் அவன், அவர் இரண்டும் இருக்கின்றன. மரியாதையை வேறு இடத்தில் வையுங்கள்: சார், மேடம், பெயருக்கு முன் மிஸ்டர், மிஸ், டாக்டர், எதையாவது செய்யச் சொல்லிக் கேட்கும்போது 'குட் யூ ப்ளீஸ்' (செய்ய முடியுமா).

திருநங்கை ஒருவரைப் பற்றி எழுதும்போது ஷீ, ஹெர். திருநம்பி என்றால் ஹீ, ஹிம். தன்னை 'தே' என்று குறிப்பிடும்படி ஒருவர் சொன்னால் தே. இதில் குழப்பிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் என்று எல்லோரையும் சொல்லிப் பழகிய நமக்கு இது மற்றவர்களைவிடச் சுலபமாக வர வேண்டும்.

வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால்?

தமிழில் 'யாரோ குடையை விட்டுட்டுப் போயிருக்காங்க, அவங்க வந்தா கொடுத்துடுங்க' என்று சொல்லி முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் இங்கே தே வரலாம்: 'சம்ஒன் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா'. இதை நேற்று வந்த மோஸ்தர் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருவரைக் குறிக்க தே பயன்படுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது.

பின்னால் வந்த இலக்கணக்காரர்கள்தான் 'ஹீ போதும், அதில் பெண்ணும் அடக்கம்' என்று வற்புறுத்தினார்கள். சட்டத்திலும் அது ஏறியது. இந்தியாவில் 1897ஆம் ஆண்டு ஜெனரல் க்ளாசஸ் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்கிறது. பழைய சட்ட வாசகங்களில் எங்கே பார்த்தாலும் ஹீ இருப்பதற்கு இந்த மரபு ஒரு காரணம். இன்றைய எழுத்தில் காற்று மாறிவிட்டது. அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டர் 2019ஆம் ஆண்டின் சொல்லாகத் தே என்பதையே தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு வரியிலும் 'ஹீ ஆர் ஷீ' என்று எழுதுவதைவிட இதுவே படிக்க நன்றாக இருக்கிறது என்பது என் கருத்து. ஒன்றை மறக்க வேண்டாம்: ஒருவரைக் குறித்தாலும் வினை 'தே ஆர்' தான், 'தே இஸ்' கிடையாது.

நீ, நீங்கள் இரண்டுக்கும் யூ தானா?

இன்று அப்படித்தான். முன்பு அப்படி இல்லை. நீ என்பதற்கு 'தௌ', உன்னை என்பதற்கு 'தீ', நீங்கள் என்பதற்கு 'யீ', உங்களை என்பதற்கு 'யூ' என்று நான்கு சொற்கள் இருந்தன. பன்மையை மரியாதைக்காக ஒருவரிடமும் சொல்லும் வழக்கம் நம் நீங்கள் போலவே அங்கும் வந்தது. போகப் போக எல்லோரையும் மரியாதையாகவே கூப்பிட்டு, 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொது வழக்கில் தௌ தேய்ந்துவிட்டது. ஆக ஆங்கிலம் இழந்தது நீ என்ற சொல்லைத்தான், நீங்கள் தங்கிவிட்டது. ஒரே ஆளிடம் பேசினாலும் 'யூ ஆர்' என்று பன்மை வினை வருவதும் இதனால்தான்.

நாம், நாங்கள் வேறுபாட்டை ஆங்கிலத்தில் எப்படிக் காட்டுவது?

வீ என்ற ஒரே சொல் இரண்டுக்கும். பெரும்பாலும் சூழலே சொல்லிவிடும். வேண்டுமானால் 'யூ அண்ட் ஐ', 'ஆல் ஆஃப் அஸ்' என்று விரித்துச் சொல்லலாம். ஒரு இடத்தில் மட்டும் இந்த வேறுபாடு அழகாக வெளியே வரும். 'லெட்ஸ் கோ' என்று சுருக்கிச் சொன்னால் வா, நாம் போகலாம். 'லெட் அஸ் கோ' என்று விரித்துச் சொல்வது எங்களைப் போக விடுங்கள் என்ற பொருளையும் தரும். பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டவர் 'லெட்ஸ் கோ' என்று கெஞ்ச மாட்டார்.

ஹிஸ் என்று எழுதினால் யாருடையது என்று குழப்பம் வருகிறதே?

நியாயமான புகார். 'குமார் ரவியிடம், தன் அப்பா வந்திருப்பதாகச் சொன்னான்' என்றால் வந்தது குமாரின் அப்பா. 'தன்' அதைக் கட்டிப் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் 'குமார் டோல்டு ரவி தட் ஹிஸ் ஃபாதர் ஹேட் கம்' என்றால் யார் அப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. தன் என்பதற்கு இணையான சொல் அங்கே இல்லை.

எளிய வழி, பெயரைத் திரும்பச் சொல்வதுதான். வந்தது குமாரின் அப்பா என்றால் 'குமார்ஸ் ஃபாதர்', ரவியின் அப்பா என்றால் 'ரவிஸ் ஃபாதர்' என்று எழுதுங்கள். பள்ளியில் 'பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாதே' என்று சொல்லியிருப்பார்கள். கட்டுரைக்கு அது பொருந்தும். காவல் நிலையப் புகார், காப்பீட்டுக் கோரிக்கை, வீட்டு வாடகைத் தகராறு பற்றிய கடிதம் ஆகியவற்றில் நடை அழகைவிட யார் யாருக்கு என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். நான்கு முறை பெயர் வந்தாலும் பரவாயில்லை.

குழந்தைக்கும் நாய்க்கும் இட் போடலாமா?

தமிழில் குழந்தையை 'அது தூங்குது' என்பது செல்லம். ஆங்கிலத்தில் யாருடையது என்று தெரியாத குழந்தைக்கு இட் வரலாம். பெற்றவர் எதிரில் நிற்கும்போது அப்படிச் சொன்னால் சங்கடப்படுவார். ஹீ அல்லது ஷீ என்றே சொல்லுங்கள். வளர்ப்பு நாய்க்கும் அப்படித்தான். உயர்திணை, அஃறிணை என்று நாம் போடும் கோட்டை ஆங்கிலம் அன்பைப் பொறுத்து நகர்த்திக்கொள்கிறது. கப்பலை ஷீ என்பது பழைய மரபு. கப்பல் தொழிலுக்கான லாயிட்ஸ் லிஸ்ட் இதழே 2002இல் இட் என்று மாற்றிக்கொண்டது.

இட்ஸ் என்பதில் அப்பாஸ்ட்ரஃபி எப்போது வரும்?

எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தச் சின்னக் குறி இருந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்'. இல்லாவிட்டால் 'அதனுடைய'. விரித்துப் படித்துப் பாருங்கள், பொருள் வந்தால் குறி போடுங்கள். ஹிஸ், ஹெர்ஸ், தெயர்ஸ் எதிலும் குறி இல்லை என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மை, மைன்?

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் மை: என் பேனா. தனியாக நின்றால் மைன்: என்னுடையது. ஹிஸ் இரண்டுக்கும் ஒன்றே.

'என்னைவிட உயரம்' என்பதற்கு 'டாலர் தேன் ஐ' என்பதா, 'டாலர் தேன் மீ' என்பதா?

பேச்சில் மீ, மிகக் கறாரான எழுத்தில் ஐ. தயக்கம் இருந்தால் 'தேன் ஐ ஆம்' என்று முழுதாக எழுதிவிடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. சில வாக்கியங்களில் மட்டும் பொருளே மாறும். 'ஷீ லைக்ஸ் யூ மோர் தேன் ஐ' என்றால் எனக்குப் பிடிப்பதைவிட அவளுக்கு உன்னைப் பிடிக்கும். மீ என்றால் என்னைவிட உன்னைப் பிடிக்கும்.

கதவைத் தட்டி 'யார்?' என்று கேட்டால் நாம் 'நான்தான்' என்போம். அந்தக் காதோடு ஆங்கிலத்துக்குப் போனால் 'இட் இஸ் ஐ' என்று வரும். பழைய பாடநூல்களின் விதியும் அதுதான். ஆனால் இன்று எல்லோரும் சொல்வது 'இட்ஸ் மீ'. அதையே சொல்லுங்கள்.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது?

புதிதாகப் பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய ஒரு ஆங்கில மின்னஞ்சலை எடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு ஐ, மீ, ஹிம், தெம் மேலேயும் அந்த இடத்தில் தமிழில் என்ன வரும் என்று பென்சிலால் எழுதுங்கள். உருபோடு எழுதுங்கள். என் வகுப்பில் ஒருவர் தன் விடுப்புக் கடிதத்தை இப்படிச் செய்தார். 'மை மதர் அண்ட் மீ ஆர் டிராவலிங்' என்று இருந்தது. மீ மேலே 'நானும்' என்று எழுதினார், பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார், பிறகு யாரும் சொல்லாமலே மீயை அடித்து ஐ போட்டார். அடுத்த வரியில் 'கைண்ட்லி கிராண்ட் ஐ லீவ்' என்று இருந்தது. அதன் மேலே 'எனக்கு' என்று எழுதும்போதே சிரித்துவிட்டார்.